பங்கு மறைக்கல்வியில் சூழல் பொறுப்பு: மரநடுகைக்கு அப்பால் எதைக் கற்பிக்கலாம்?

மறையாசிரியை (வலிகாமம்)

மன்ற உறவுகள் அனைவருக்கும் வணக்கம். செப்டெம்பர் 1ஆம் திகதி தொடங்கி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளான ஒக்டோபர் 4ஆம் திகதி வரை திருஅவை சிறப்பிக்கும் படைப்பின் காலத்தில், தரம் 9 முதல் 11 வரையுள்ள ஞாயிறு மறைக்கல்வி மாணவர்களுக்குச் சில வகுப்புகளை நடத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. முன்னைய ஆண்டுகளில் ஆலய வளவில் மரக்கன்றுகள் நட்டோம், சுவரொட்டிப் போட்டி வைத்தோம், பரிசும் வழங்கினோம். பிள்ளைகள் அவற்றை மனமுவந்து செய்தார்கள் என்பதால் அந்த முயற்சிகளைக் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஆயினும் திருவிழா முடிந்த மறுநாள் ஆலய முற்றத்தில் குவிந்து கிடக்கும், சோறு சுற்றிய நெகிழித் தாள்களான லஞ்ச் சீற்றுகளையும் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களையும் கூட்டி அள்ளும்போது, நாம் கற்பித்தது எந்த இடத்தில் நின்றுபோனது என்ற கேள்வி எழுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் ஆறாம் அதிகாரம் முழுவதும் சூழலியல் கல்வியையும் ஆன்மிகத்தையும் பற்றியதாகும். அதைத் திருஅவையின் சமூகப் போதனையோடு இணைத்து, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தன் வீட்டு வளவிலேயே விளங்கக்கூடிய முறையில் கற்பிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடும் ஏரும்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சூழல் பற்றிய அக்கறை 2015இல் திடீரென்று திருஅவைக்குள் நுழைந்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் வகுப்பிலேயே அந்த எண்ணத்தை அகற்றிவிடுவது நல்லது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடல் தொழிலாளரின் கூலியையும் மாண்பையும் பற்றிப் பேசியது. மண்ணையும் நீரையும் பற்றி அது அதிகம் பேசவில்லை. ஆனால் உடைமைக்கு ஒரு சமூகக் கடமை உண்டு என்ற அடித்தளம் அங்கேயே இடப்பட்டது. 1971இல் திருத்தந்தை 6ஆம் பவுல், சிந்தனையின்றி இயற்கையைச் சுரண்டும் மனிதன் முடிவில் அந்தச் சீரழிவுக்குத் தானே இரையாகும் ஆபத்தை எச்சரித்தார். திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், 1990ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதிக்குரிய உலக அமைதி நாள் செய்தியில், சூழல் பொறுப்புக்கான கல்வி அவசரத் தேவை என்று நேரடியாகவே எழுதினார். அந்தக் கல்வி வெறும் உணர்ச்சியிலோ வெற்று விருப்பங்களிலோ வேரூன்ற முடியாது என்றும், முதல் ஆசிரியர் குடும்பமே என்றும் அவர் சொன்னது உங்கள் வகுப்புக்கு நேராகப் பொருந்தும். 2004இல் வெளிவந்த சமூகப் போதனைத் தொகுப்பின் பத்தாம் அதிகாரமும், 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் எழுதிய சுற்றுமடலும் அதே பாதையில் வந்தவை.

2015 மே 24ஆம் திகதியிடப்பட்ட திருத்தந்தை பிரான்சிசின் சுற்றுமடலில் 246 பத்திகள் உள்ளன. மறைக்கல்வியில் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது 211ஆம் பத்தி. நெகிழிப் பாவனையைக் குறைத்தல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தல், குப்பையைத் தரம்பிரித்தல், உண்ணக்கூடிய அளவுக்கே சமைத்தல், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தல், மரம் நடுதல், தேவையற்ற விளக்கை அணைத்தல் ஆகியன அங்கே சொல்லப்படுகின்றன. அது அழகான பத்திதான். ஆனால் எட்டுப் பத்திகள் கடந்து 219இல், சமூகப் பிரச்சினைகளுக்குத் தனிமனிதரின் நற்செயல்களைக் கூட்டிச் சேர்ப்பது மட்டும் போதாது, சமூகமாக இணைந்து இயங்கும் வலையமைப்புகள் வேண்டும் என்று அதே திருத்தந்தை எழுதுகிறார். 211ஐக் கற்பித்து 219ஐ விட்டுவிட்டால், பிள்ளை தன் போத்தலை மட்டும் ஒழுங்காகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மனநிறைவோடு வீடு போய்விடும்.

என் பரிந்துரை 185ஆம் பத்தியிலிருந்து தொடங்குவதாகும். ஒரு திட்டம் முன்வைக்கப்படும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அங்கே உள்ளன: எதற்காக, எங்கே, எப்போது, எப்படி, யாருக்காக, ஆபத்துகள் எவை, செலவு எவ்வளவு, அந்தச் செலவை யார் ஏற்பார். இந்தக் கேள்விகளைப் பதினான்கு வயதுப் பிள்ளையும் கேட்கப் பழகலாம்.

செம்மண் தோட்டம்

வணக்கம். நான் தோட்டம் செய்பவன். வெங்காயமும் மரக்கறியும் போடுகிறேன். ஆசிரியை அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சூழல் பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பேசுபவர் யாராக இருந்தாலும், முடிவில் விரல் தோட்டக்காரனை நோக்கியே நீளும். ‘யூரியாவைக் கொட்டித் தண்ணீரை நஞ்சாக்கியவர்கள்’ என்ற பேச்சை என் பிள்ளை வகுப்பில் கேட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

அப்பு காலத்தில் பூவரசங் குழையும் பனையோலையும் உரமாக மண்ணில் தாழ்த்தினார்கள்; மாட்டுப் பட்டி அடைத்தார்கள்; துலாவால் இறைத்தார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். இன்று குழை வெட்ட வேலியும் இல்லை, வெட்டித் தாழ்க்கும் கூலிக்கு ஆளும் இல்லை, மாடு வளர்ப்பவரும் குறைந்துவிட்டார்கள். உரக்கடையில் கடனுக்குத் தருவது யூரியா. 2021இல் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தளர்த்தினார்கள். இடைப்பட்ட மாதங்களில் விளைச்சல் குறைந்து கடன்பட்டவர்களில் நாங்களும் உண்டு. சேதனப் பசளை நல்லதுதான் என்றாலும், அதற்கு மாறுவதற்கான காலமும் ஆலோசனையும் உதவியும் தராமல் மேலிருந்து கட்டளை மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு முழுவதும் பார்த்தது. இதையும் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

நல்ல முன்மாதிரி வேண்டுமானால் தோலகட்டிக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1928இல் தொடங்கப்பட்ட செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தில் செபமும் உடலுழைப்பும் சேர்ந்தே நடந்து வந்தன. அங்கிருந்து வந்த நெல்லிரசத்தை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு.

நிலத்தடி

தோட்டக்கார அண்ணாவின் மனத்தாங்கல் நியாயமானது. அறிவியலும் பாதியளவு அவர் பக்கம் நிற்கிறது. நான் நீர்வளத் துறையில் படித்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையின் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் ஊடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நாம் குடிப்பதும் இறைப்பதும் அந்தப் படையைத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். சுண்ணாம்புக்கல்லில் நீர் விரைவாக நகர்வதால், மேற்பரப்பில் இட்டதெல்லாம் போதிய வடிகட்டல் இன்றியே கீழே சேர்ந்துவிடும். ஆகவே என் கிணறு, உங்கள் கிணறு என்று வேலிக்கு மேலே பிரித்துக்கொண்டாலும் வேலிக்குக் கீழே இருப்பது ஒரே நீர்தான்.

வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், நீரில் கரையும் உப்பான நைத்திரேற்று, பரிந்துரைக்கப்பட்ட எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. இதற்கு உரம் ஒரு காரணம். மற்றொரு காரணம் மலசலகூடக் குழிகள். சீதனத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் காணியைத் துண்டாடி, சிறு வளவுக்குள் வீடும் கிணறும் குழியும் அருகருகே அமைத்தோம். அடியில் பூச்சில்லாத குழியிலிருந்து கசிவது கிணற்றையே சேரும். ஆகவே குற்றம் தோட்டத்தோடு நிற்பதில்லை; மாடிவீடு கட்டியவரும் பங்காளிதான். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. எத்தனை தாய்மார் இதை அறிவார்கள்? மறைக்கல்வியில் இதைச் சொல்வது பொருத்தமா என்று யாரும் கேட்டால், பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று சொல்லும், அதே சுற்றுமடலின் 30ஆம் பத்தியைக் காட்டுங்கள்.

சுன்னாகம் மின்னிலையப் பகுதியைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா வழங்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. செலவை யார் ஏற்பார் என்ற 185ஆம் பத்தியின் கேள்விக்கு நம் ஊர் வழக்கொன்றிலேயே நீதிமன்றம் தந்த விடை அது.

ஞாயிறு முதற்பூசை

அனைவருக்கும் பணிவான வணக்கம். ஒரு மாற்றுக் கருத்தைப் பொறுத்தருளுங்கள். ஞாயிறு மறைக்கல்விக்குக் கிடைப்பதே ஒரு மணித்தியாலம். அதையும் தனியார் கல்வி நிலையங்களின் வகுப்புகள் பறித்துக்கொள்கின்றன. செபமாலையின் மறையுண்மைகளை வரிசையாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உறுதிபூசுதலுக்கு வந்து நிற்கிறார்கள். கிணற்று நீரையும் நீதிமன்றத் தீர்ப்பையும் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரும் குடியியல் ஆசிரியரும் கற்பிக்கட்டும். நற்கருணையையும் ஒப்புரவையும் நம்மைத் தவிர வேறு யாரும் கற்பிக்கப் போவதில்லை. இந்த வகுப்புகள் மெல்ல மெல்ல அரசியலாகிவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

ஏடும் ஏரும்

ஐயா, உங்கள் அச்சத்தை 2ஆம் யோவான் பவுலும் உணர்ந்திருந்தார். சூழல் கல்வியின் நோக்கம் கருத்தியல் சார்ந்ததாகவோ அரசியல் சார்ந்ததாகவோ இருக்கக்கூடாது என்பதும் அதே 1990 செய்தியில் உண்டு. ஆனால் அவர் அந்தக் கல்வியைக் கைவிடச் சொல்லவில்லை; உண்மையான மனமாற்றத்தை அதன் மையத்தில் வைத்தார். ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் பிள்ளையைத் தயார்செய்யும்போது மனச்சான்றை ஆய்வு செய்யச் சொல்லித் தருகிறோம். பக்கத்து வளவுக் குழந்தை குடிக்கும் நீரைக் கெடுப்பது அந்த ஆய்வுக்குள் வராவிட்டால், அயலான் மீதான அன்பு என்று நாம் கற்பிப்பது எதை? நற்கருணையைப் பற்றி ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 236ஆம் பத்தியை வாசித்துப் பாருங்கள். மண்ணின் விளைவும் மனித உழைப்பின் பயனுமான அப்பத்தைப் பீடத்தில் ஒப்புக்கொடுக்கும் சமூகம், அந்த மண்ணைப் பற்றி மறைக்கல்வியில் பேசுவதற்குத் தயங்கத் தேவையில்லை.

நேரம் போதாது என்ற உங்கள் கவலையை மட்டும் நான் மறுக்க மாட்டேன். அது பெற்றோரோடு பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

கரையோரத்தான்

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் தரையையே பேசினீர்கள். எங்கள் கரையோரப் பங்குகளில் பிள்ளைகளுக்குச் சூழல் என்றால் கடல்தான். அங்கே இந்தப் பாடம் எவ்வளவு கடினமானது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இழுவை மடி கடலின் அடித்தளத்தை வாரிக்கொண்டு போகிறது. கடற்புல்லையும் குஞ்சு மீனையும் முட்டையையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. 2017இல் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி இலங்கைக் கடலில் இழுவை மடித் தொழிலைத் தடை செய்தார்கள். பாக்குநீரிணையைக் கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும்போது, நாம் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறோம். அந்தப் படகுகளில் வருபவர்களில் பலர் கூலிக்கு வருபவர்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் நம்மோடு ஒரே திருப்பலியில் முழந்தாளிடுபவர்களும் அவர்களுக்குள் உண்டு. ஆனால் நம்மவர்களிடமே இழுவைப் படகுகள் இருக்கின்றன என்பதையும், ஆழமற்ற பரவைக்கடலில், தடை செய்யப்பட்ட நைலோன் இழை வலையான தங்கூசி வலை விரிப்பவர்கள் வெளியாட்கள் அல்லர் என்பதையும் பேசத் தொடங்கினால் குரல்கள் தணிந்துவிடுகின்றன.

வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளையின் தகப்பன் இழுவைப் படகான றோலரில் தொழிலுக்குப் போகிறார். பின்வரிசையில் இருக்கும் பிள்ளையின் தகப்பன் சிறுவலைக்காரர். மடி வாரிய பின் வெறுங்கையோடு கரைக்கு வருபவர். இரு குடும்பங்களும் அயல் வீடுகள் கூடும் ஒரே அன்பியத்தில் செபிக்கின்றன. ‘இழுவை மடி பாவம்’ என்று நான் பலகையில் எழுதினால் முன்வரிசைப் பிள்ளை தலைகுனியும். எழுதாவிட்டால் பின்வரிசைப் பிள்ளைக்கு நான் அநீதி செய்தவனாவேன். கடலட்டைப் பண்ணைகள் பற்றியும் இதே போன்ற பிளவு உண்டு: ஒரு குடும்பத்துக்கு அது வருமானம், மற்றொரு குடும்பத்துக்கோ, மீன் பிடிக்கத் தலைமுறையாகக் களங்கண்டி வலை கட்டிய இடம் வேலியடைக்கப்பட்டதாகும். சமூகப் போதனை எனக்கு இங்கே என்ன வழி காட்டுகிறது?

ஏடும் ஏரும்

சகோதரரே, இந்த இழையிலேயே மிகவும் கனமான கேள்வி உங்களுடையது. எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் போதனை மௌனமாக இல்லை.

சுற்றுமடலின் 40ஆம் பத்தி, பிடித்தவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிடும் மீன்பிடி முறைகளைக் கண்டிக்கிறது. 129ஆம் பத்தி, சிறு அளவிலான உழவும் உள்ளூர் மீன்பிடியும் உலக மக்களில் பெரும்பாலானோருக்கு உணவளிப்பதைச் சுட்டி, அவற்றைப் பாதுகாக்கக் கோருகிறது. ஆகவே எந்தத் தொழில்முறை தவறு என்பதில் மழுப்பத் தேவையில்லை. பூமியின் வளங்கள் எல்லோருக்குமானவை என்ற கோட்பாடு கடலுக்கும் பொருந்தும். நாளைக்குப் பிறக்கப் போகிறவர்களும் அந்த ‘எல்லோரில்’ அடக்கம்.

அதே வேளையில், உழைப்பின் மாண்பு 1891 முதல் இந்தப் போதனையின் மையத்தில் உள்ளது. றோலரில் கூலிக்குப் போகும் தகப்பனும் படகின் உரிமையாளரும் ஒரே நிலையில் இல்லை. அந்தத் தகப்பனுக்கு மாற்றுத் தொழிலுக்கான வழியைத் திறக்காமல் அவரைக் குற்றவாளியாக்கும் பாடம் பாதிப் பாடமே. 1931இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் வரையறுத்த துணைநிலைக் கோட்பாடு, கீழ்மட்டச் சமூகம் தானே செய்யக்கூடியதை மேல்மட்டம் பறித்துக்கொள்ளக்கூடாது என்றும், இயலாதபோது மேல்மட்டம் துணைநிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. தோட்டக்கார அண்ணா 2021 பற்றி எழுதியதும், நீங்கள் பண்ணைகள் பற்றி எழுதியதும் இதே இடத்தில் சந்திக்கின்றன: பாதிக்கப்படுகிறவர்களை முதலில் உட்காரவைத்துக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள் அவை.

வகுப்புக்கு என் யோசனை இது. தீர்ப்பைப் பலகையில் எழுத வேண்டாம். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் பரிந்துரைத்த முறைப்படி பார்த்தல், சீர்தூக்குதல், செயற்படுதல் என்ற வரிசையில் செல்லுங்கள். முன்வரிசைப் பிள்ளை தன் தகப்பனிடமும், பின்வரிசைப் பிள்ளை தன் தகப்பனிடமும், பத்து ஆண்டுகளுக்கு முன் எந்த மீன் எவ்வளவு பட்டது, இன்று எவ்வளவு படுகிறது என்று கேட்டு வரட்டும். இரு தகப்பன்மாரும் ஒரே குறைவைச் சொல்வார்கள் என்றே நான் நினைக்கிறேன். அதன் பிறகுதான் யார் செலவை ஏற்கிறார் என்ற கேள்விக்கு அவர்கள் வர வேண்டும்.

வழுக்கையாற்றங்கரை

நான் சைவன், அரச பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். எங்களிடம் ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமும், மேல் வகுப்புகளில் சுற்றாடல் முன்னோடித் திட்டமும் உள்ளன. பதக்கம் பெறுவதற்கான கோப்புகள் அழகாக நிரப்பப்படுகின்றன. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ‘யார் செலவை ஏற்பார்’ என்ற கேள்வி அந்தக் கோப்புகளில் எங்கும் இல்லை. அந்த விதத்தில் உங்கள் உரையாடல் எனக்குப் பயன்பட்டது.

ஒரு வேண்டுகோள். இதை ஆலய வளவுக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். கோவில் கேணியில் தேங்கும் மழைநீர்தான் உங்கள் ஆலயக் கிணற்றிலும் ஊறுகிறது. எங்கள் ஊரிலும் கேணிகளும் குளங்களும் தூர்ந்து, சில இடங்களில் நிரவப்பட்டும் விட்டன. உங்கள் பிள்ளைகள் நீர் பற்றிய தேடலைத் தொடங்கினால் எங்கள் பிள்ளைகளையும் அழையுங்கள். இதில் மதமாற்ற ஐயம் எழும் என்று சிலர் தயங்கலாம். இரு பக்கத்துப் பெரியவர்களும் முதல் நாளே சேர்ந்து வந்து நின்றால் அந்த ஐயம் எழ இடமிராது.

மறையாசிரியை (வலிகாமம்)

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக வழுக்கையாற்றங்கரை ஆசிரியருக்கு: அந்தச் சுற்றுமடல் தொடக்கத்திலேயே உலகில் வாழும் ஒவ்வொருவரையும் நோக்கிப் பேச விரும்புவதாகச் சொல்கிறது, ஆகவே உங்கள் பிள்ளைகளை அழைப்பதற்கு எனக்குத் தனி அனுமதி தேவையில்லை என்றே கருதுகிறேன். பங்குத்தந்தையிடம் மட்டும் முறைப்படி சொல்லிவிடுவேன்.

நான் எண்ணியிருப்பது இது. பிள்ளைகள் தத்தம் வளவில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தை அளந்து, வேலிக்கு அப்பால் உள்ள குழியையும் சேர்த்து வரைபடம் கீறுவார்கள். தண்ணீர் மாதிரிகளை மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். படைப்பின் காலம் ஒக்டோபர் 4இல் முடிந்துவிடும், மழையோ அதன் பிறகுதான் தொடங்கும் என்பதால், இந்த வகுப்புகளைச் சனவரி வரை நீட்டிக்குமாறு கேட்கப் போகிறேன். முடிவுகளைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளே வாசிப்பார்கள். குழிக்கு அடிப்பூச்சு இடுவதற்குப் பணம் இல்லாத குடும்பங்களுக்குத் திருவிழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கும்படி அருட்பணிச் சபையிடம் கேட்பதும் அவர்களின் பணியாக இருக்கும். வெடிகளுக்கும் மின்னலங்காரத்துக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் இது முடியாத காரியம் அல்ல. முதற்பூசை ஐயாவின் கவலையை மறக்கவில்லை: ஒவ்வொரு வகுப்பும் செபமாலையின் ஒரு பத்து மணிகளோடு தொடங்கும்.

தோட்டக்கார அண்ணாவிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. எந்தக் கிணற்றில் எவ்வளவு நைத்திரேற்று என்ற விபரத்தை உரிமையாளரின் பெயரோடு வெளியிடலாமா, கூடாதா?

செம்மண் தோட்டம்

பெயரோடு வெளியிட வேண்டாம் ஆசிரியை. பெயர் வெளிவரும் என்று தெரிந்தால் யாரும் மாதிரி தர மாட்டார்கள். இலக்கமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், உரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஊர் முழுவதற்குமான நிலையைக் கூட்டத்தில் வாசியுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் தாமதிக்காமல் அன்றே சொல்லிவிட வேண்டும். என் தோட்டக் கிணற்றிலும் வீட்டுக் கிணற்றிலும் முதல் மாதிரிகளை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளைக் காலையில் அனுப்புங்கள். இறைப்பு முடிந்த பின் எடுத்தால் தண்ணீர் கலங்கியிருக்கும்.